ஞாயிறு சிரித்தவள் செவ்வாய் எழவில்லை

கேள்வி: டாக்டரம்மா, நாங்கள் திருவட்டார் பக்கம். அப்பாவுக்குக் கொஞ்சம் ரப்பர் இருக்கிறது, நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தங்கச்சிக்கு 27 வயது. திருவனந்தபுரத்தில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் பத்து நாளில் போய்விட்டது, இவள்தான் எழுந்திருக்கவில்லை. 'சீணம், சீணம்' என்று படுத்தே கிடக்கிறாள். தூங்கி எழுந்தாலும் தூங்காதது மாதிரி இருக்கிறதாம். ரத்தம், ஸ்கேன் எல்லாம் நார்மல். கடைசியாகப் பார்த்த டாக்டர் 'நாள்பட்ட சோர்வு நோய்' என்று பேர் சொல்லி, தூக்கத்துக்கு ஒரு மாத்திரையும் பிசியோதெரபியும் எழுதினார். மாத்திரையை நாலு நாளில் நிறுத்திவிட்டாள். பிசியோதெரபிக்குத் தக்கலைக்கு மூன்று தடவை வந்தாள், நாலாவது தடவை கூப்பிட்டபோது கதவைச் சாத்திக்கொண்டாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வருகிறாள், எல்லோரிடமும் சிரித்துப் பேசுகிறாள். 'மடி (சோம்பல்) பிடிச்சுப் போச்சு, கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிரும்' என்கிறாள் சித்தி. எனக்கே சந்தேகம் வருகிறது. உண்மையிலேயே நோய் இருக்கிறவள் சிகிச்சைக்கு ஏன் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறாள்? எப்படி ஒத்துழைக்க வைப்பது?

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் ஒரு கிழமை விடுபட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சிரித்துப் பேசியதை எழுதியிருக்கிறீர்கள். செவ்வாய்க்கிழமை எப்படி இருந்தாள்? அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மூன்று வாரத்துக்கு ஒரு காரியம் செய்யுங்கள். அடுக்களையில் தொங்கும் காலண்டரில், அவள் சர்ச்சுக்குப் போன நாளில் ஒரு புள்ளி வையுங்கள். தலைக்குக் குளித்த நாளில் ஒரு புள்ளி, விருந்தாள் வந்துபோன நாளில் ஒரு புள்ளி. கஞ்சிகூட வேண்டாமென்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்த நாளில் ஒரு கோடு போடுங்கள். கோடுகள் பெரும்பாலும் புள்ளிக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ விழுந்தால், நீங்கள் சந்தேகப்பட்ட அந்தச் சிரிப்புக்கு அவள் என்ன விலை கொடுக்கிறாள் என்று தெரியும்.

இந்த நோயின் சூட்சுமமே இந்தத் தாமதம்தான். ஓடியாடி வேலை செய்தால் நமக்கெல்லாம் உடனே களைக்கும், ராத்திரி தூங்கினால் காலையில் தெளிந்துவிடும். இவர்களுக்கு அந்த நேரத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. 12 மணி நேரம் கழித்தோ 48 மணி நேரம் கழித்தோ ஒரேயடியாக விழுவார்கள். உடம்புவலி, தொண்டைவலி, தலைக்குள் பஞ்சடைத்த மாதிரி ஒரு மந்தம், வெளிச்சமும் சத்தமும் பொறுக்காமை என்று எல்லாம் சேர்ந்து வரும். எழுந்திருக்க நாள்கணக்காகும், சிலருக்கு வாரக்கணக்காகும். உழைப்புக்குப் பின் வரும் சரிவு என்று இதைச் சொல்வோம். மண்வெட்டி பிடிப்பது மட்டும் உழைப்பில்லை. 'இப்போ எப்படி இருக்கு மோளே' என்று கேட்கிற இருபது பேருக்கு நின்றபடி முகம் கோணாமல் பதில் சொல்வதும் உழைப்புதான்.

2015-ல் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் இந்த நோய்க்கு ஓர் அளவுகோல் வகுத்தது. முன்பு செய்துவந்த வேலைகளை ஆறு மாதத்துக்கு மேலாகச் செய்ய முடியாத அளவு அசதி, தூங்கியும் தீராத களைப்பு, நான் சொன்ன இந்தச் சரிவு ஆகிய மூன்றும் இருந்தாக வேண்டும். கூடவே மூளை மந்தம், நிமிர்ந்து நின்றால் மோசமாவது ஆகிய இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். முதல் இரண்டும் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. மூன்றாவதைக் காலண்டர் சொல்லும்.

இனி பிசியோதெரபி. உங்கள் வீட்டிலிருந்து அழகியமண்டபம் வழியாகத் தக்கலைக்கு வரும் அந்த ரோட்டில் குலுங்கி வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்து, அரை மணி நேரம் பயிற்சி செய்து, அதே ரோட்டில் திரும்பிப் போயிருக்கிறாள். அதன்பின் இரண்டு நாள் என்ன ஆனாள் என்று யாரும் கேட்கவில்லை, 'வியாழக்கிழமை வா' என்றார்கள். மூன்று தடவை சூடுபட்ட பிறகு கதவைச் சாத்தியிருக்கிறாள். அவள் இடத்தில் நானாக இருந்தால் இரண்டாவது தடவையே சாத்தியிருப்பேன்.

உங்களிடம் ரப்பர் இருப்பதால் சொல்கிறேன். பால் வெட்டுகிறவர் ஏன் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுகிறார்? பேராசைப்பட்டுத் தினமும் வெட்டினால் முதல் சில நாள் சிரட்டை நிறையத்தான் செய்யும், மரமும் பச்சையாகத்தான் நிற்கும். பிறகு ஒரு நாள் பட்டை காய்ந்து, கத்தி போட்டாலும் பால் வராது. அப்போது மரத்திடம் போய் 'ஒத்துழை' என்று யாரும் சொல்வதில்லை, வெட்டை நிறுத்தி விட்டுவைப்பார்கள். உங்கள் தங்கைக்கு எழுதிக் கொடுத்த பயிற்சி, காய்ந்த பட்டையில் மேலும் ஒரு வெட்டு.

ஆனால் அந்த பிசியோதெரபிஸ்டைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. நானும் அதைத்தான் செய்தேன். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு டீச்சர் வந்தார். இதே கதைதான். தினமும் 20 நிமிடம் நடை, வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டவும் என்று எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டேன். நாலு தடவை வந்தார், பிறகு வரவில்லை. அவருடைய ஃபைலில் 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதி மூடிவைத்தேன். சில வருஷம் கழித்து அவருடைய அக்கா பிரஷருக்கு மருந்து வாங்க வந்தபோது விசாரித்தேன். "நீங்க சொன்னத அப்படியே செஞ்சா டாக்டர், ஒரு நாள்கூட விடல. இப்போ பாத்ரூமுக்குச் சுவரைப் பிடிச்சுத்தான் போறா" என்றார். அந்தம்மாள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் காதில் நிற்கிறது.

அந்தக் காலத்தில் பாடமும் அப்படித்தான் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக உடற்பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போவதும், 'நோய் பற்றிய தவறான எண்ணத்தை' மாற்றும் பேச்சு சிகிச்சையும்தான் வழி என்று பிரிட்டனில் சொன்னார்கள். 641 பேரை வைத்துச் செய்த ஒரு பெரிய ஆய்வு 2011-ல் அதற்கு ஆதரவாக வெளிவந்தது. நோயாளிகள் விடவில்லை. ஆய்வின் மூலத் தரவுகளைக் கேட்டுப் போராடி, தீர்ப்பாயம் வரை போய் 2016-ல் வாங்கினார்கள். முதலில் அறிவித்திருந்த அளவுகோலை வைத்து மறுபடி கணக்குப் போட்டபோது, குணமானவர்கள் என்று சொன்ன எண்ணிக்கை வெகுவாகச் சுருங்கியது. 2021 அக்டோபரில், எந்த நோய்க்கு என்ன சிகிச்சை என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு புதிய வழிகாட்டுதலை வெளியிட்டது. இந்த நோய்க்குப் படிப்படியாகப் பயிற்சியைக் கூட்டும் சிகிச்சை கொடுக்கக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. பேச்சு சிகிச்சை கேட்பவர்களுக்குத் துணையாக இருக்கலாம், நோயைக் குணப்படுத்தும் என்று கொடுக்கக் கூடாது. இருக்கிற சக்திக்குள் வாழப் பழகுவதுதான் இப்போது முதல் சிகிச்சை. உங்கள் தங்கையின் உடம்பு அந்த வழிகாட்டுதலைப் படிக்காமலே அதன்படி நடந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அவள் நர்ஸ் என்பதால். 1955-ல் லண்டன் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியில் ஒரு நோய் பரவி 292 ஊழியர்கள் படுத்தார்கள். அதில் நர்ஸுகள் ஏராளம். இந்த நோயின் இன்னொரு பெயரான எம்.இ. (மயால்ஜிக் என்செஃபலோமயலைடிஸ்) என்பது அதை ஒட்டித்தான் வந்தது. 1970-ல் இரண்டு மனநல மருத்துவர்கள் அந்த நோயாளிகளை நேரில் பார்க்காமல், பழைய ஏடுகளைப் புரட்டி, 'இது ஹிஸ்டீரியா' என்று எழுதினார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெண்கள் அதிகம் என்பதையும் ஒரு காரணமாகக் காட்டினார்கள். அதற்கு முன்பே, 1969-லேயே, உலக சுகாதார நிறுவனம் இதை நரம்பு மண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆனாலும் அந்த ஹிஸ்டீரியா பேச்சு இன்னும் சாகவில்லை, உங்கள் சித்தி வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. உங்கள் தங்கை ஆஸ்பத்திரிக்கு உள்ளே இருந்தவள். ரிப்போர்ட் நார்மலாக உள்ள நோயாளியின் அறையை விட்டு வெளியே வந்ததும் நாங்கள் என்ன பேசிக்கொள்வோம் என்று அவளுக்குத் தெரியும். டாக்டரைப் பார்க்க அவள் தயங்குவதில் அதற்கும் பங்கு இருக்கும்.

ஆகவே 'ஒத்துழைப்பு' என்ற வார்த்தையை முதலில் எடுத்துப் பரணில் போடுங்கள். 'மாத்திரையை ஏன் நிறுத்தின?' என்று கேட்காதீர்கள். 'அந்த மாத்திரை போட்ட அன்னிக்கு உனக்கு என்ன ஆச்சு?' என்று கேளுங்கள். அநேகமாக, மறுநாள் மத்தியானம் வரை மண்டை மரத்துக் கிடந்தது என்பாள். இந்த நோய் உள்ளவர்களில் பலருக்குச் சாதாரண அளவு மருந்தே தாங்காது. மிகக் குறைந்த அளவில் ஆரம்பித்து மெதுவாக ஏற்ற வேண்டும். எழுதிய டாக்டரிடம் இதைச் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது மாற்றுவார். நீங்களாக உடைத்துக் கொடுக்க வேண்டாம். நோயை வேரோடு எடுக்கும் மருந்து இன்றைக்கு உலகத்தில் எங்கும் கிடையாது. தூக்கத்துக்கு, வலிக்கு, தலைசுற்றலுக்கு என்று தனித்தனியாகக் கொடுத்துச் சுமையைக் குறைக்கலாம். இதை அவளிடம் மறைக்காதீர்கள். 'இந்த மாத்திரையில சரியாயிரும்' என்று ஒவ்வொரு தடவையும் சொல்லி, ஒவ்வொரு தடவையும் ஆகாமல் போனால் யார்தான் அடுத்த டாக்டரிடம் வருவார்கள்?

பிறகு, சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேளுங்கள். நீளமாக வேண்டாம், அவளுக்குக் கேட்கத் தெம்பிருக்காது. கேட்டுவிட்டு இன்னும் ஒரே ஒரு கேள்வி. 'எந்த ஒரு காரியம் திரும்பக் கிடைச்சா உனக்கு ஆறுதலா இருக்கும்?' டூட்டிக்குத் திரும்புவது என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். என் அனுபவத்தில் அப்படிப்பட்ட பதில் அபூர்வம். ஒரு பெண் என்னிடம் சொன்னாள்: "தலைக்குக் குளிச்சிட்டு மறுநாள் விழாம இருக்கணும் டாக்டர்." அவளுடைய சிகிச்சையை அங்கேதான் தொடங்கினோம்.

என்ன செய்தோம் என்றால், குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டோம். நின்று குளிப்பது கூடாது. கையைத் தலைக்கு மேல் தூக்கி முடியை அலசுவதுதான் பெரிய செலவு என்று தெரிந்ததால் அம்மா பின்னால் நின்று அலசினார். வெந்நீர் கொதிக்கக் கொதிக்க வேண்டாம், வெதுவெதுப்பு போதும். குளிக்கும் முன் அரை மணி, குளித்தபின் ஒரு மணி, ஈரத்தலையில் துண்டோடு, ஃபோன் இல்லாமல் படுக்கை. தலைக்குக் குளிக்கிற நாளில் வேறெந்தக் காரியமும் இல்லை. இடுப்புக்குக் கீழே இறங்கிய முடியைத் தோள்வரை வெட்டலாமா என்று அவளேதான் கேட்டாள். அம்மா அழுதார், அவள் அழவில்லை. ஐந்தாவது வாரம் குளித்த மறுநாள் எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டாள். 'அடுத்து என்ன டாக்டர்' என்று அவளே கேட்டது அன்றைக்குத்தான்.

இதன் கணக்கு சிம்பிள்தான், கடைப்பிடிப்பதுதான் கடினம். இன்னும் முடியும் என்று தோன்றும்போதே நிறுத்த வேண்டும். தெம்பாக இருக்கிற நாளில், விட்டுப்போன வேலையையெல்லாம் சேர்த்துச் செய்யக் கூடாது. நம்மூர்ப் பெண்களுக்கு இதுதான் ஏலாது. எழுந்து நடமாட முடிகிற அன்றைக்கே துணி துவைத்து, மீன் கழுவி, வீடு பெருக்கி முடித்துவிடுவார்கள், அடுத்த நாலு நாள் பாய்தான். வாட்ஸ்அப் பார்ப்பது, சண்டை போடுவது, டிவி சத்தம் எல்லாம் செலவுக் கணக்கில் வரும். சர்ச்சை நிறுத்தச் சொல்லவில்லை. வாரத்தில் அவளுக்கு மிஞ்சியிருக்கிற ஒரே சந்தோஷம் அதுவாக இருக்கலாம். கடைசி பெஞ்சில் ஓரமாக உட்காரட்டும், எழுந்து நிற்க வேண்டிய நேரத்திலும் உட்கார்ந்தே இருக்கட்டும், ஆராதனை முடியும் முன் நீங்கள் வண்டியை எடுத்துவிடுங்கள். சனியும் திங்களும் காலியாக இருக்கட்டும்.

அவளிடம் பிரஷர் பார்க்கும் மிஷின் இருக்கும். ஒரு நல்ல நாளில், அவள் சம்மதித்தால், ஒரு சோதனை செய்து பாருங்கள். பத்து நிமிடம் படுத்திருந்துவிட்டு நாடியும் பிரஷரும் குறிக்கட்டும். பிறகு சுவரில் முதுகு சாய்த்து நிற்கட்டும். நிமிடத்துக்கு ஒரு தடவை, பத்து நிமிடம் வரை குறியுங்கள். நீங்கள் பக்கத்தில் கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும், கண் இருட்டினால் உடனே படுக்க வைத்துவிடுங்கள். படுத்திருந்தபோது இருந்ததைவிட நாடி நிமிடத்துக்கு 30 துடிப்புக்கு மேல் கூடி அப்படியே நின்றாலோ, பிரஷர் நன்றாக இறங்கினாலோ, அதற்கென்று தனி வைத்தியம் இருக்கிறது. தண்ணீரும் உப்பும் கூட்டுவது (நம் வீட்டு உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரே போதும், ஆனால் பிரஷரோ சிறுநீரகக் கோளாறோ இல்லையென்று டாக்டர் சொன்ன பிறகு), காலுக்கு இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ், தேவைப்பட்டால் மாத்திரை. இந்த நோயில் நன்றாகக் கைகொடுக்கக்கூடிய இடங்களில் இது ஒன்று. ஒரு சின்னப் பலன் கண்ணில் பட்டால் அவளுக்கே சிகிச்சையில் பிடிப்பு வரும்.

'எல்லாம் நார்மல்' என்றீர்களே, அந்த எல்லாவற்றில் என்னென்ன இருந்தன என்று ஃபைலை எடுத்துப் பாருங்கள். தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின் மட்டுமல்லாமல் ஃபெரிட்டின், பி12, கால்சியம், சிறுநீரகம், ஈரல், இ.எஸ்.ஆர்., அட்ரினல் சுரப்பி, டிபி இவையும் பார்த்திருக்க வேண்டும். எடை இறங்குவது, ராத்திரிக் காய்ச்சல், கழுத்தில் கட்டி, மூட்டு வீக்கம், ஒரு பக்கம் மட்டும் பலம் குறைவது என்று ஏதாவது இருந்தால் இந்த நோயின் தலையில் கட்டாமல் மறுபடி காட்டுங்கள். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியின் பொது மருத்துவப் பிரிவுக்கே போகலாம்.

டாக்டரைப் பார்க்கப் போவதையும் செலவாகத்தான் எண்ண வேண்டும். முதல் தடவை நேரில் பார்த்தாக வேண்டும். டோக்கன் நீங்கள் போய் எடுங்கள், முறை வரும்வரை அவள் வண்டியில் சீட்டைச் சாய்த்துப் படுத்திருக்கட்டும். கதையை அவள் வாயால் சொல்ல வேண்டாம். ஒரே ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: எப்போது தொடங்கியது, என்ன செய்தால் எத்தனை மணி நேரம் கழித்து விழுகிறாள், எந்த மருந்து ஏன் ஒத்துக்கொள்ளவில்லை, இப்போது வேண்டிய ஒரு காரியம் எது. காலண்டர் தாளையும் கிழித்துக் கூட வையுங்கள். 40 பக்க ரிப்போர்ட்டைப் புரட்ட எங்களுக்கு நேரமில்லை, ஆனால் ஒரு காலண்டர் தாளை எந்த டாக்டரும் பார்ப்பார். டாக்டர் சொல்வதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், அந்த மந்தத்தில் அவளுக்கு வெளியே வந்ததும் மறந்துபோகும். அடுத்தடுத்த தடவை ஃபோனில் பேசலாமா என்று கேளுங்கள், வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேச அரசு நடத்தும் இ-சஞ்சீவனியிலும் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். மூன்று மருந்தை ஒன்றாகத் தொடங்கினால் எது கெடுத்தது, எது உதவியது என்று யாருக்கும் தெரியாது.

உங்கள் வீட்டில் யாராவது வர்ம ஆசானிடம் கூட்டிப்போகச் சொல்லியிருப்பார்கள், நம் மாவட்டத்தில் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். மெல்லத் தடவி விடுவது அவளுக்கு இதமாக இருந்தால், ஆசான் வீட்டுக்கு வருவதானால், எனக்கு மறுப்பில்லை. அழுத்திப் பிடிப்பதும், தினமும் போய்வருவதும், பேர் சொல்லாத பஸ்பங்களும் வேண்டாம். பூஸ்ட் பாட்டிலோடு வரும் சொந்தக்காரர்களுக்குப் பத்து நிமிடம், அதுவும் திண்ணையில். கல்யாணம் வைத்தியமாகாது. சித்தியிடம் அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், அவளைச் சொல்ல வைக்காதீர்கள்.

இரண்டு வருஷம் படுத்துக் கிடந்து, வீட்டிலேயே நம்பாமலும் போனால் மனசு நொறுங்காமல் இருக்காது. அந்த நொறுங்கலுக்கும் வைத்தியம் வேண்டும், ஆனால் அதுதான் எல்லாவற்றுக்கும் மூலகாரணம் என்று யாரும் சொல்ல விடாதீர்கள். 'இருந்து என்ன பிரயோஜனம்' என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் தள்ளிப்போடாமல் அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள். மனநல உதவிக்கான டெலிமனஸ் 14416, அரசின் சுகாதார உதவி எண் 104 இரண்டுமே எந்த நேரமும் கிடைக்கும்.

முழுதாகக் குணமாகுமா என்று நீங்கள் கேட்கவில்லை, அவள் கேட்பாள். பெரியவர்களில் பழையபடி ஆகிறவர்கள் குறைவு, நிதானமாகத் தேறி வீட்டுக்குள் நடமாடுகிறவர்கள், பகுதிநேர வேலைக்குத் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படியே சொல்லுங்கள். நர்ஸிடம் பொய் சொல்ல முடியாது.

இந்தப் பதிலை மொத்தமாக வாசித்துக் காட்டாதீர்கள், அவளுக்கு நீளம். குளியல் பற்றி எழுதிய பகுதியை மட்டும் காட்டுங்கள், அவள் கேட்டால் மீதி. அடுத்த கடிதத்தை அவள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதினாலும் சரி. படுத்துக்கொண்டே சொல்லட்டும், நாலு வரி போதும்.